மணமகளின் தந்தை பேசுவார்

நம் ஊர் அப்பாக்களுக்குத் தங்கள் மகளைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியாது. வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். கல்யாண விருந்துகளில் மணமகளின் தந்தை மேடையேறிப் பேச வேண்டிய மூன்று நிமிடப் பேச்சை எழுதிக்கொடுத்து ஒரு வருடத்துக்கும் மேலாகச் சம்பாதித்தவன் நான். கோப்பிக்கடையில் எதிரே உட்காரவைத்து, உங்கள் பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், மனிதர் பால் விடாத தே ஓவைக் கலக்குவார், சுழலும் மின்விசிறியைப் பார்ப்பார், கடைசியில் "நல்ல பிள்ளை, சொன்னா கேக்கும்" என்பார். அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஒரு சொல் வராது.

அவர்களைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். எனக்கும் ஒரே மகள்தான். அவளைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவேன் என்ற திமிர் எனக்கு இருந்தது. அவளுக்கும் மாப்பிள்ளை முடிவாகி, தை முடிந்ததும் கல்யாணம் என்று மண்டபம்கூடப் பதிவு செய்திருந்தோம். அன்றைக்கு நான் பேசப்போகும் பேச்சுக்கு முன்னால் இந்த விற்ற பேச்செல்லாம் தூசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அவளால்தான். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு அலுவலகம் ஒன்றில் நெடுநாள் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பு என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். என் வயதுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மனைவி பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு வேலைக்குப் போக, நான் மார்சிலிங் வீட்டில் மூங்கில் கழிகளில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் அடுக்குமாடி புளோக் பெண்மணி தினமும் பார்த்துக் கையசைப்பார். அதற்குப் பயந்து துணி காயப்போடும் நேரத்தையே மாற்றினேன்.

மகள் பாலர்பள்ளியில் ஆசிரியை. பெற்றோர்களுக்கு அனுப்பும் கடிதங்களைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிப் பழகியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கைப்பேசியை வாங்கி அந்தச் செயலியைப் போட்டுக்கொடுத்தாள். நான் ஃபேஸ்புக்கில் கவிதை எழுதுபவன், கோயில் விழா மலர்களில் வாழ்த்து எழுதுபவன், நான்கு பேருக்கு என்னைத் தெரியும். இத்தனை வருடம் சும்மா எழுதிக்கொடுத்ததற்கு இனிமேல் காசு வாங்குங்கள் என்றாள். எப்படிக் கேள்வி கேட்க வேண்டும், பிடிக்காவிட்டால் எப்படித் திருப்பி எழுதச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பாலர்பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும் அதே பொறுமையோடு பேசினாள். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது, ஆனாலும் கற்றுக்கொண்டேன்.

முதலில் அழைப்பிதழ் வாசகங்கள், பணி ஓய்வு வாழ்த்து, அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் என்று சில்லறை வேலைகள். பிறகு யாரோ ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பேச்சு கேட்டார். மகள் போட்டுக்கொடுத்த அந்தக் கருவியிடம் கேட்டேன். கண்ணின் மணியே, குலவிளக்கே, பொன்னே, பூவே என்று ஒரு வண்டி கொட்டியது. அப்படியே கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பிள்ளை மாதிரி இல்லையே என்றார். கருவியும் அதையேதான் கேட்டது. மணமகளின் சிறுவயதுச் சம்பவம் ஏதாவது ஒன்று இருந்தால் உரை உயிரோட்டமாக இருக்கும் என்றது. அவரிடம் கேட்டேன். "நல்ல பிள்ளை, சொன்னா கேக்கும்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். என் மகள் சின்ன வயதில் பென்சிலைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் மஞ்சள் சாயமாக வந்து நிற்பாள். அதைத் தட்டிப் போட்டேன். பென்சில்தானே, எந்தப் பிள்ளை கடிக்காது? கருவி அதை வாங்கி அழகாக ஒரு பத்தி கட்டிக்கொடுத்தது. பேச்சு பிரமாதமாக எடுபட்டதாம், மணப்பெண்ணே அழுதுவிட்டாளாம். நானும் எழுத்தாளனாகிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் என் மகளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்தேன். அவளுக்குப் பல் விழுந்தது, சைக்கிள் பழகியது, என் காலணியை மாட்டிக்கொண்டு நடந்தது. யார் யாரோ தெரியாத குடும்பங்கள். ஜூரோங்கில் ஒன்று, பொங்கோலில் ஒன்று. அண்ணன் எழுதினால் மண்டபமே அழும் என்று பேராகிவிட்டது. மனைவியிடம் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்கும்போது என் கை மறுபடியும் நேராக நீண்டது. அந்தச் சந்தோஷத்தில் மற்றது எதுவும் உறுத்தவில்லை.

லாரி கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் கோயிலில் பழக்கம். அவர் மகள் எங்கள் மகள் படித்த பள்ளியில் சில வகுப்பு கீழே படித்தவள். குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைப்பிதழ் கொடுத்தவர், இரண்டு வாரம் கழித்துப் பேச்சும் எழுதித் தரச் சொன்னார். வழக்கம்போல அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. லாரி லாரியாக ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டது அண்ணே என்று தலையைச் சொறிந்தார். என்னிடமும் சில்லறை தீர்ந்திருந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான். என் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் அவளைத் தொலைத்துவிட்டேன்.

அது அவள் கல்யாணத்துக்கென்று மனதில் எடுத்து வைத்திருந்தது. தேக்கா கடைத்தெருப் பக்கம் கூட்டம் நெரிகிறது, புத்தகக் கடை ஒன்றில் நான் எதையோ புரட்டுகிறேன், திரும்பினால் பிள்ளை இல்லை. கேம்பல் லேனில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறேன். கடைசியில் ஒரு பூக்கடை ஓரத்தில் நிற்கிறாள். இவ்வளவையும் தட்டிப் போட்டேன். அந்த விருந்து சனிக்கிழமை, மகள் மாப்பிள்ளையோடு வேறெங்கோ போவதாகச் சொல்லியிருந்தாள், அவளுக்குத் தெரியவா போகிறது என்று ஒரு கணக்கு. கருவி கேட்டது: உங்களைப் பார்த்ததும் அவள் என்ன சொன்னாள்? எனக்கு ஞாபகம் இல்லை. நீயே ஏதாவது போடு என்றேன். போட்டது. "அப்பா, நான் தொலையல. நீங்கதான் தொலைஞ்சுட்டீங்க."

படித்துவிட்டு நானே சபாஷ் போட்டேன். இப்போது பார்த்தால் அது ஏழு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சே இல்லை. விளம்பரம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதுகிற பேச்சு. அன்றைக்கு அது உறைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை மனைவியும் நானும் கிளம்பும்போது மகளும் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட்டதாம், தன் கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் எப்படி வைக்கலாம் என்று பார்க்கலாமே என்றாள். தலைவலி என்று சொல்லி அவளை நிறுத்த முடியுமா? என் தலைவலிக்கு அவள் எதற்கு நிற்க வேண்டும்?

நெறியாளர் மணமகளின் தந்தையை அழைத்தார். லாரிக்காரர் தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதலில் தடுமாறினார். தீபாவளிச் சந்தை வந்ததும் குரல் மாறிவிட்டது. மனிதர் அனுபவித்துப் படித்தார். புத்தகக் கடையில் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தேன் என்றார். அவர் வாழ்நாளில் புத்தகக் கடைக்குள் நுழைந்திருப்பாரா என்பது சந்தேகம். பூக்கடை வந்தது. அந்த வசனம் வந்தது. மண்டபம் சிரித்து, பிறகு அழுதது. மேடையில் மணப்பெண் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"பாத்தீங்களா, அவங்க பிள்ளையும் நம்ம பிள்ளை மாதிரியே தொலைஞ்சிருக்கு."

நான் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் தெரிந்தது. கரண்டியைத் தட்டில் ஓரமாக வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கை தட்டியபோது அவளும் தட்டினாள். அதுதான் என்னைக் கொன்றது. அந்த இடத்திலேயே எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது, பிரியாணியை அளைந்துகொண்டிருந்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. லாரிக்காரர் மேசை மேசையாக வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. "எழுதுனது நீங்கதாண்ணே. ஆனா படிக்கப் படிக்க எனக்கு எல்லாம் கண்ணு முன்னால வருது. நடந்திருக்கும்போல." மகளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். அவர் அடுத்த மேசைக்குப் போனார். மனைவி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், விஷயம் புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

ரயிலில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து வந்தோம். ஒருத்தி திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மார்சிலிங் நிலையத்தில் இறங்கியதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சாப்பிட்டீங்களா என்றாள், மாத்திரை போட்டீங்களா என்றாள். பிறகு அவள் கல்யாணத்துக்கான நிகழ்ச்சி நிரலை நெறியாளருக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். விளக்கேற்றல், மணமக்கள் வருகை, கேக். அடுத்து மணமகளின் தந்தை உரை. அதில் நிறுத்தினாள்.

நான் முந்திக்கொண்டேன். இது என் கையால் எழுதப்போவது, கருவியைத் தொடமாட்டேன் என்றேன். அன்றைக்கு நடந்தது பெரிய தப்பு என்றும் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சரி, என்ன பேசுவீங்க என்றாள்.

அந்தச் சந்தைக் கதையைத்தான் உனக்கென்று வைத்திருந்தேன் என்று வாய்க்குள் முனகினேன்.

"சரி, அதையே சொல்லுங்க. என்னைக் கண்டுபிடிச்சப்ப நான் என்ன சொன்னேன்?"

சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் வந்துவிட்டது. நீ தொலையவில்லை, நான்தான் தொலைந்தேன் என்று சொன்னாய் என்றேன். அவள் அந்தப் பூக்கடை ஓரத்தில் தலையை நிமிர்த்தி அப்படிச் சொல்வது எனக்குக் கண்முன் தெரிந்தது. குரல்கூடக் கேட்டது.

மகள் மடிக்கணினியை மூடினாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலப்பா. அழுதுகிட்டு நின்னேன். பாவாடையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன். நீங்க உங்க சட்டையைக் கழட்டி என் இடுப்பில கட்டி விட்டுட்டு, பனியனோட எம்ஆர்டி-ல வந்தீங்க. தோபி காட்ல ட்ரெய்ன் மாறுறப்ப எல்லாரும் உங்களையே பாத்தாங்க. நீங்க யாரையும் பாக்கல. என்னைத் தூக்கிக்கிட்டே நின்னீங்க."

அடுப்படியிலிருந்து மனைவி, ஆமாம், கதவைத் திறந்தால் பனியனோடு நிற்கிறார், எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை என்றாள். இரண்டு பேருக்கும் தெரிகிறது. சட்டைக்காரனுக்கு மட்டும் தெரியவில்லை. மகள் கொஞ்சம் பொறுத்து, "அதை நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலை, அந்த ரயிலை ஞாபகப்படுத்திப் பார்ப்பது. என்ன சட்டை? அவள் எவ்வளவு கனம் இருந்திருப்பாள்? பனியனோடு நின்றபோது எனக்குக் கூச்சமாக இருந்ததா, இல்லையா? ஒன்றும் வரவில்லை. தேக்காவுக்கே போனேன். பூக்கடை வரிசையில் போய் நின்றேன். மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவர் எத்தனை முழம் என்று கேட்டார். வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார் என்று இரண்டு முழம் வாங்கினேன். கேம்பல் லேனில் மேலும் கீழும் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் பூக்கடை ஓரத்தில் பிள்ளை தலையை நிமிர்த்தி, அப்பா நான் தொலையல என்று ஆரம்பித்துவிடுகிறது. அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையை அங்கே நிறுத்திப் பார்க்க எவ்வளவோ முயன்றேன். அந்தப் பிள்ளை வரவில்லை. நான் எழுதாத ஒரு வசனம் என் பிள்ளையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நிற்கிறது. அதற்குக் காசும் வாங்கியிருக்கிறேன். நடுத்தெருவில் பூவும் கையுமாக நின்று கூனிக் குறுகிப்போனேன்.

பனியன் கதையை அவள்தான் சொல்லிவிட்டாளே, அதை மேடையில் சொன்னால் என்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை நான் சொன்னால் லாரிக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் நான் கொடுத்ததைப் படித்தார், நான் மகள் கொடுத்ததைப் படிப்பேன். நடந்தது எனக்கே என்றாலும், என் மண்டையில் அது இல்லை. மகளிடம் போய் இதை அப்படியே சொன்னேன். எனக்கு ஞாபகம் வரலம்மா என்றேன். பரவாயில்லப்பா என்றாள். நெறியாளருக்குச் சொல்லி அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டதாகவும், நான் மண்டபத்தில் வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னாள்.

பேச்சு எழுதும் வேலையை நிறுத்திவிட்டேன். கேட்டு வருகிறவர்களிடம் உடம்பு சரியில்லை என்கிறேன். அழைப்பிதழ் மட்டும் எழுதுகிறேன். அதில் யாருடைய பிள்ளையும் இல்லை, நாளும் நேரமும் இடமும்தான்.

அவள் கல்யாணம் நன்றாக நடந்தது. காலையில் கோயிலில் தாலி கட்டு, மாலையில் மண்டபத்தில் விருந்து. நான் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன். மட்டன் வந்துச்சா, சைவக்காரங்க இந்தப் பக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். பேசாத அப்பாவுக்கு அது வசதியான வேலை. கேக் வெட்டி முடிந்தது. நெறியாளர் இளைஞர், நிரலில் இல்லாவிட்டாலும் பழக்கதோஷம் விடவில்லை. பல விருந்துகளில் நான் எழுதிய பேச்சைக் கேட்டவர் வேறு. நம்முடைய எழுத்தாளர், மணமகளின் தந்தை, இரண்டு வார்த்தை பேசாமல் விடலாமா என்று ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டார். மண்டபம் கை தட்டியது. மேடையில் மகள் அவர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோலக் கையைப் பாதி தூக்கினாள். பிறகு அந்தக் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

தள்ளிக்கொண்டுபோய் மேலே ஏற்றிவிட்டார்கள். மைக் என் கையில் இருந்தது. எதிரே அத்தனை பேரும் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். லாரிக்காரர் முதல் வரிசையில் எங்கள் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் கழுத்து நிறைய மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனியன், ரயில், தோபி காட், எல்லாச் சொல்லும் என்னிடம் இருந்தது. ஒன்றும் என்னுடையதாக இல்லை.

"எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றேன்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நகைச்சுவையாகத் தொடங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு நெறியாளர் பலமாகக் கை தட்டினார். மாப்பிள்ளையும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அதற்கு மேல் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.